சுலைஹா அக்கா கேட்ட ஒரு நாள்

செவ்வாய்க்கிழமை காலை, பினாங்குப் பாலத்து நெரிசலில் காரை நிறுத்தியிருந்தபோது சுலைஹா அக்காவின் தம்பி அழைத்தார். "அண்ணே, அக்கா மவுத்தாயிட்டாங்க. சுபுஹு தொழுதுட்டு உட்கார்ந்தவங்க எந்திரிக்கல. மதியம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கிறோம், வந்துருங்க." அக்காவுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், வெளிச்சுவர் ஓரமாக நம் பழைய அலுவலகத்தார் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம். உங்களில் ஒருவர் என் அருகில் வந்து மெதுவாகச் சொன்னார்: "பாவம். அன்னிக்கு மட்டும் பதிவையெல்லாம் கொஞ்சம் சீக்கிரம் ரெஸ்டோர் பண்ணிருந்தாங்கன்னா இவ்வளவு வந்திருக்காது." நான் பதில் சொல்லவில்லை. அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன்.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய பிடிவாதமும் தெரியும். நம் டயாலிசிஸ் நிலையத்தின் கணினிப் பிரிவில் நாங்கள் இரண்டே பேர். நோயாளிகளின் பதிவுகள் ஒவ்வொரு இரவும் இணையத்தில், க்ளவுடில், பேக்கப்பாக நகலெடுக்கப்படும். பேக்கப் இருக்கிறது என்று நான் அறிக்கையில் எழுதினால் அந்த வரியை அடித்துவிடுவார். "இருக்குன்னு எழுதாதீங்க குமார். திறந்து பார்த்தேன், நல்லா இருக்குன்னு எழுதுங்க. பார்க்கலன்னா அதையும் எழுதுங்க." பேக்கப்புகளை வைரஸ் இருக்கிறதா என்று தினமும் சோதிக்க அனுமதி கேட்டு மூன்று முறை கடிதம் கொடுத்தார். மூன்றும் நிர்வாகியின் மேசை இழுப்பறையில் கிடந்தன.

இரண்டு வருடங்களுக்கு முன் அந்தத் திங்கட்கிழமை காலை, ஜார்ஜ் டவுன் நிலையத்தின் திரைகள் எல்லாம் பூட்டிக்கிடந்தன. பணம் கேட்கும் வாசகம் மட்டும் தெரிந்தது. அக்கா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. முதல் வேலையாக சுங்கை பாக்காப் கிளைக்குப் போகும் இணைப்பைத் துண்டித்தார். அந்தக் கிளையின் கணினிகள் அப்போது நன்றாக இருந்தன.

க்ளவுடில் அறுபது நாள் பேக்கப் இருந்தது. அந்தச் சேவையின் இணையப் பக்கத்தில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் சோதிக்க முடியும். ஒரு நிரல் இன்னொரு நிரலோடு பேச ஏபிஐ என்றொரு வழி உண்டு. அந்த வழியாக அறுபதையும் வரிசையாகச் சோதிக்கச் சொல்லும் நிரலை அக்கா ஒரு மணி நேரத்தில் எழுதிவிட்டார். பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஞாயிறு, கிருமி. சனி, கிருமி. நண்பகலில் ஒரு வாரம் பின்னால் போயிருந்தோம், ஒன்றுகூடச் சுத்தமாக இல்லை.

"எப்பவோ உள்ள வந்து சத்தமில்லாம உட்கார்ந்திருக்கு. இன்னிக்குத்தான் வேலையைக் காட்டிருக்கு," என்றார்.

நிர்வாகி வந்து நின்றார். "பேக்கப் இருக்குதானே? எடுத்துப் போட்டுடுங்க லா. பேஷண்ட் எல்லாம் நாற்காலியில உட்கார்ந்திருக்காங்க."

"போட்டா அதுவும் பூட்டிக்கும் சார். நாளைக் காலை வரைக்கும் டைம் கொடுங்க. சுத்தமான ஒண்ணு பின்னாடி எங்கேயோ இருக்கு."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். கணினி இல்லாமலே அன்றைய சிகிச்சை நடக்க, அக்கா ஒரு தாளை எடுத்துக்கொண்டு நோயாளிகளிடம் போனார். ஒவ்வொருவரிடமும் எடை என்ன, என்ன மருந்து என்று தாதியோடு சேர்ந்து கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் நிர்வாகி என்னிடம் திரும்பி வந்தார். ஞாயிற்றுக்கிழமை பேக்கப்பைப் போடச் சொன்னார். சுங்கை பாக்காப் இணைப்பையும் கொடுக்கச் சொன்னார். கிருமி என்று திரையில் எழுதியிருப்பது என் கண்ணில் பட்டது. நான் இரண்டையும் செய்தேன்.

மூன்று மணிக்கு எல்லாம் மறுபடி பூட்டிக்கொண்டது. இம்முறை சுங்கை பாக்காப்பும் சேர்ந்து.

அக்காவின் நிரல் ஓடிக்கொண்டே இருந்தது. மறுநாள் காலை சுத்தமான பேக்கப் ஒன்று கிடைத்தது. நாற்பது நாள் பழையது. அதை வைத்துத்தான் இரண்டு இடங்களையும் எழுப்பினோம். சுங்கை பாக்காப்பில் பெருமாள் என்று ஒரு பெரியவர், தோட்டத்தில் லாரி ஓட்டியவர். வயிற்றில் இரத்தக்கசிவு என்பதால், இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மருந்தை அவருக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்தியிருந்தார்கள். நாற்பது நாள் பழைய பதிவில் நிறுத்திய குறிப்பு இல்லை. அன்று வந்த தாதி புதியவர், திரையில் இருந்தபடி போட்டார். ஐந்தாம் நாள் பெருமாள் மருத்துவமனையில் இறந்தார். இதனால்தான் என்று எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை. இதனால் இல்லை என்றும் எழுதித் தரவில்லை. இறுதிச் சடங்குக்கு அக்கா போய்ப் பின்வரிசையில் நின்றுவிட்டு வந்தார். நான் போகவில்லை.

விசாரணையில் நிர்வாகி, மீட்பதில் தாமதம் என்று சொன்னார். யார் தாமதித்தது என்ற கேள்விக்கு அக்காவின் பெயர் வந்தது. அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். எனக்கு அப்போது இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாத இறுதியில் அவரை அனுப்பிவிட்டார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் அவரை வழிமறித்துக் கேட்டேன். "ஏன் அக்கா நீங்க சொல்லல, நான்தான் போட்டேன்னு?"

"நீங்க சொல்வீங்கன்னு காத்திருந்தேன் குமார்," என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் சின்ன வேலைக்குப் போனார். நெஞ்சுவலி என்று விடுப்பு எடுப்பார் என்று கேள்விப்பட்டேன். பார்க்கப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

ஆகவே, பள்ளிவாசல் சுவரோரம் என்னோடு நின்றவர்களே, அவர் தாமதிக்கவில்லை. அவர் கேட்ட ஒரு நாளைக் கெடுத்தவன் நான். இதை அவர் உயிரோடு இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும். இன்று மாலை அவர் தம்பியிடமும், நாளை சுங்கை பாக்காப்பில் பெருமாளின் மனைவியிடமும் நேரில் சொல்லப்போகிறேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த நிரல். போன வருடம் வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, வெட்கத்தை விட்டு அவரிடமே கேட்டேன். அன்றே அனுப்பிவிட்டார். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. திறந்து பார்த்தபோது புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தது தெரிந்தது. எந்தப் பேக்கப்பை மீட்பதானாலும் அது இரண்டு பேருடைய பெயரைக் கேட்கும். இரண்டாமவர் சோதனை முடிவைப் படித்து, தன் கையால் பெயரை அடிக்கும்வரை நகராது. இப்போதெல்லாம் என் பெயரை அடித்துவிட்டு எழுந்து போய், பக்கத்து மேசைக்காரரைக் கூட்டி வருகிறேன்.