போகும் என்று நான் சொன்ன விமானம்

என் வாயால் ஒரு பெண்ணின் வாழ்க்கை கெட இருந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டவர் செய்த நன்மையை அதற்கப்புறம் சொன்னால்தான் சாட்சி. இல்லாவிட்டால் அது வெறும் விளம்பரம்.

திருச்சி விமான நிலையத்தில், மலிவு விலையில் பறந்த ஒரு கம்பெனியின் கவுண்ட்டரில் பதினான்கு வருடம் நின்றவன் நான். காரைக்குடியிலிருந்து தினமும் பஸ். நம் பங்குக் கோயிலில் பலருக்கு நான் "பிளேன்காரர்"தான். அந்தக் கம்பெனி இன்று இல்லை. பலகையைக் கூடக் கழற்றிவிட்டார்கள்.

என்ன காலம் அது! வேனில் இருபது பேர் வந்து ஒருத்தரை வழியனுப்புவார்கள். அதுவரை மற்றவர் ஏறப் பார்த்தே பழகிய கொத்தனார்களும் சமையல்காரர்களும் சித்தாள்களும் எங்கள் வரிசையில் நின்றார்கள். பட்டுச்சேலை கட்டி வந்தார்கள், ஏதோ கல்யாணத்துக்குப் போவதுபோல. மல்லிகையும் புளிச்சாதமும் மணக்கும் வரிசை. எடை கூடிவிட்டால் பலகாரத் தகரத்தைத் திறந்து, மணகோல உருண்டைகளை அள்ளி அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு, "இப்ப நிறுங்க தம்பி" என்பார்கள். ஜன்னல் சீட்டுக்கு அடம்பிடித்து வாங்கிய ஒருவர், இறங்கும்வரை தூங்கிவிட்டேன் என்று திரும்பி வந்தபோது என்னிடம் முறையிட்டார். நான் என்ன செய்வேன்? சிரித்தேன். அவரும் சிரித்தார். வானம் எங்களால் கொஞ்சம் தாழ்ந்து வந்தது என்று நினைத்துக்கொள்வேன். கர்வம்தான். இனிமையான கர்வம்.

பிறகு ஒவ்வொன்றாக நின்றது. சம்பளம் தள்ளிப்போனது. எரிபொருளுக்கு முன்பணம் கட்டினால்தான் லாரி வரும் என்றார்கள். வாடகைக்கு எடுத்த இரண்டு விமானங்களை உரிமையாளர்கள் திரும்ப ஓட்டிப் போனார்கள். ஒவ்வொரு புதன்கிழமையும் சகாய மாதா நவநாளில் முழந்தாளில் நின்றேன். "தாயே, என் கம்பெனியைக் காப்பாற்று." வேறு எதுவும் கேட்கவில்லை. வேறு யாரும் என் கண்ணில் படவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாக்கோட்டையிலிருந்து லூர்து அக்கா வீட்டுக்கு வந்தார். கணவரை இழந்தவர். மகள் செலின் நர்ஸ் படித்தவள். சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அங்கே போய் இறங்க வேண்டும். அதோடு அனுமதிக் கடிதம் முடிகிறது. வியாழக்கிழமை எங்கள் விமானத்தில் டிக்கெட்.

"தம்பி, உங்க கம்பெனிய மூடப் போறாகன்னு பேப்பர்ல போட்டிருக்கே. டிக்கெட்ட வேற கம்பெனிக்கு மாத்திரவா? இப்ப சீட்டு இருக்காம்."

"பேப்பர்காரன் பிளேன் ஓட்டுறானா, நான் ஓட்டுறேனா? போகும் அக்கா. பேசாம போயி பெட்டியக் கட்டுங்க."

"நீங்க சொன்னாச் சரி தம்பி."

எனக்குத் தெரியும், போகாமலும் இருக்கலாம் என்று. ஆனால் வேறு கம்பெனிக்கு மாற்றச் சொன்னால் என் கம்பெனி செத்துவிட்டதை நானே ஒப்புக்கொள்வதாகிவிடும். அதற்கு மனம் வரவில்லை. கம்பெனிமேல் வைத்த அந்த அன்பு எவ்வளவு சுயநலமானது என்று அன்று தெரியவில்லை.

வியாழன் காலை பஸ் புதுக்கோட்டையைத் தாண்டும்போது போனில் செய்தி வந்தது. எல்லா விமானங்களும் நிறுத்தம். மறு உத்தரவு வரும்வரை. அந்த உத்தரவு வரவேயில்லை.

நிலையத்து வாசலில் கூச்சலும் அழுகையும். எங்கள் கவுண்ட்டர் இருட்டாகக் கிடந்தது. மற்ற கம்பெனிகளில் டிக்கெட் விலை மதியத்துக்குள் மூன்று மடங்கு. அவர்களுடைய பங்கு விலை ஏறிவிட்டது என்று டிவியில் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். எங்களை நம்பியிருந்த வேன் டிரைவர்கள் ஸ்டியரிங்கில் தலை வைத்துக் கிடந்தார்கள். மலேசியாவிலிருந்து கல்யாணத்துக்கு வருவதாக இருந்தவர்கள் வரமுடியாமல் போக, காரைக்குடியில் பலகார ஆர்டர்கள் ரத்தாயின. சந்தை துக்கம் கேட்க வரவில்லை. விலையை ஏற்றிக்கொண்டு அதன் பாட்டுக்குப் போயிற்று.

லூர்து அக்கா எத்தனை விலையானாலும் கொடுக்கத் துணிந்துவிட்டார். விலை இருந்தது. சீட்டு இல்லை. திருச்சியில் இல்லை, மதுரையில் இல்லை, சென்னையில் இல்லை. அவர் என்னைத் திட்டவில்லை. "நீங்க சொன்னீகளே தம்பி" என்று மட்டும் கேட்டார். அதற்குத் திட்டே தேவலை.

வண்டிகள் நிற்கும் இடத்தில், ஒரு வேப்பமரத்தடியில், சீருடையோடு முழந்தாளிட்டேன். ஜெபமாலையைப் பிடித்தபடி அழுதேன். "ஆண்டவரே, கம்பெனி போகட்டும். என் வேலை போகட்டும். அந்தப் பிள்ளை போகணும்." பல மாதங்களில் முதல் தடவையாக அந்த ஜெபத்தில் கம்பெனியைக் காப்பாற்றச் சொல்லவில்லை. ஏனோ அழுகை நின்றது.

வெள்ளி காலை, வாசலுக்கு வெளியே டிக்கெட் கொடுக்கும் ஜன்னலில் நாங்கள் மூவரும் நின்றோம். பதினொன்றேகாலுக்கு வேறு கம்பெனியின் சிங்கப்பூர் விமானம். அதுதான் கடைசி வழி. யாராவது ரத்து செய்தால் சீட்டு. ஒன்பதரை வரை யாரும் செய்யவில்லை. செலின் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதாள்.

கண்டனூரில் ஒரு கல்யாணம் முடித்து, அதே விமானத்தில் சிங்கப்பூர் திரும்பும் செட்டியாரும் ஆச்சியும் தள்ளுவண்டியோடு எங்களைக் கடந்தார்கள். ஆச்சி நின்றார். "ஏன் ஆத்தா அழுகுற?" என்று கேட்டார். லூர்து அக்கா சொன்னார். ஆச்சி கேட்டுக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கணவரிடம் திரும்பினார்.

"ஏங்க, இன்னைக்கு வெள்ளிக்கெழம. பத்தரையிலேர்ந்து பன்னெண்டு ராகு காலம். பஞ்சாங்கத்தப் பாக்காம டிக்கெட் போட்டிருக்கீகளே! நான் ஏறமாட்டேன்."

"காலைல கார்ல ஏறுறப்ப ராகு எங்குட்டுப் போனாரு?"

"அவரு இப்பத்தான் நெனப்புக்கு வந்தாரு. நீங்க போயி கடையத் திறங்க. நான் பத்து நாள் ஊர்ல கெடந்துட்டு வாரேன். பந்தலக்கூட இன்னும் பிரிக்கல."

செட்டியார் அவரைப் பார்த்தார். செலினைப் பார்த்தார். "நல்ல ராகு" என்று முனகிவிட்டு, அவரே ஜன்னலில் போய் ஆச்சியின் டிக்கெட்டை ரத்து செய்தார்.

"அண்ணே, அந்தப் பிள்ள பாஸ்போர்ட்டக் குடுங்க, சீக்கிரம்!" என்று உள்ளே இருந்த பெண் என்னைப் பார்த்துக் கத்தினாள். கொடுத்தேன். பத்து நிமிடத்தில் செலின் உள்ளே இருந்தாள். லூர்து அக்கா ஆச்சியின் கையைப் பிடித்தார். "விடு ஆத்தா, எனக்கு நேரஞ்சரியில்ல, அம்புட்டுத்தான்" என்று ஆச்சி கையை உருவிக்கொண்டார்.

பஞ்சாங்கமா, இரக்கமா? இன்றுவரை எனக்குத் தெரியாது. ராகு காலத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் நான் கேட்ட சீட்டை ஆண்டவர் அந்த ஆச்சியின் கையில் வைத்திருந்தார். அவர் எந்த வாசல் வழியாக வருவார் என்று நாம் சட்டம் போட முடியாது.

பதினொன்றேகாலுக்கு அந்த விமானம் ஏறியது. வேறு கம்பெனி விமானம். பதினான்கு வருடம் அவர்கள் ஏறும்போதெல்லாம் என் முகம் சுருங்கும். அன்று கம்பி வேலிக்கு வெளியே நின்று கைதட்டினேன். வேலை போன மனிதன் ஒருவன் தனியாகக் கைதட்டுவதைப் போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார்.

இப்போது காரைக்குடியில் சின்னதாக டிக்கெட் கடை வைத்திருக்கிறேன். "போகுமா?" என்று கேட்டால், "தெரியலை, விசாரிச்சுச் சொல்றேன்" என்கிறேன். அந்தப் பழைய வரிசையின் மணத்துக்கு மனம் இன்னும் ஏங்கும். ஏங்கட்டும்.

என் அன்புக்குரியவர்களே, நீங்கள் கட்டிப்பிடித்திருக்கும் ஒன்று சரிந்துகொண்டிருக்கலாம். அதற்காக ஜெபியுங்கள், தவறில்லை. ஒரு நாள் மட்டும், அதை விட்டுவிட்டு, உங்களால் காயப்பட்டவருக்காகக் கேட்டுப் பாருங்கள். எனக்கு ஒரே இரவு தாண்டியதும் பதில் வந்தது. உங்களுக்கு எப்போது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆண்டவர் காதில் அது விழும். அதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.