ஐந்நூறு பல்பு வாங்கிய வயர்மேன்

மாமல்லபுரத்தைத் தாண்டி கடலோரமாகவே போனால் ஒரு பேரூராட்சி வரும். பேரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். அங்கே வயர்மேன் பூபாலனைத் தெரியாதவர் கிடையாது. இருபத்திரண்டு வருடமாகக் கம்பம் ஏறுகிறவர். ஊரில் எந்த விளக்கு கண் சிமிட்டினாலும் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார். ஆனால் மெயின் ரோட்டிலிருந்து அவருடைய காலனிக்குப் போகிற பாதை மட்டும் கும்மிருட்டு. இரண்டு கம்பம் உண்டு, விளக்கு இல்லை. அந்தக் கம்பங்கள் பதிவேட்டில் ஏறவில்லையாம். ஏட்டில் இல்லாத கம்பத்தில் விளக்கு மாட்டினால் வேலை போய்விடும். ஏழு மனு கொடுத்துப் பார்த்தார். ஏழுக்கும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரே பதில்.

மகள் ஜெனிட்டாவுக்கு சிறுசேரியில் சாஃப்ட்வேர் கம்பெனி வேலை. அந்தக் காலனியில் கழுத்தில் ஐடி கார்டு மாட்டிய முதல் ஆள் அவள்தான். கம்பெனி வண்டி ஏழரை மணிக்கு மெயின் ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து நடை. ஒருநாள் பைக்கில் இரண்டு பேர் ஹெட்லைட்டை அணைத்துவிட்டுப் பின்னாலேயே வந்தார்கள். வீட்டுக்குள் ஓடி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: “நைனா, இந்த மாசத்துக்குள்ள லைட்டு வரலன்னா நான் வேலைய வுட்டுர்றேன்.”

 அந்த வாரம்தான் செயல் அலுவலர் வெங்கடேசன் போன் செய்தார்.

“பூபாலா, ஐந்நூறு பல்பு வருதுய்யா. பொது இடத்துல மக்களை வெச்சே போடணும்னு மேலேர்ந்து ஆர்டர். மொத்தமும் உங்க காலனி ரோட்டுலதான். ஞாயித்துக்கிழமைக்கு ரெடி பண்ணு.”

இரண்டு கம்பத்துக்கு ஐந்நூறு பல்பா என்று அவருக்கும் ஒரு நிமிடம் உறுத்தத்தான் செய்தது. தெய்வம் கொடுத்தால் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். புதுப்பட்டினம் கடைத்தெருவுக்குப் போய் ஒயரும் ஹோல்டரும் வாங்கி வந்தார். கம்பங்களுக்குப் பெயின்ட் அடித்தார். மனைவி காசியம்மாள் தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல் வைத்தாள்.

ஞாயிறு காலை மினி லாரி வந்தது. கூடவே மஞ்சள் டி-ஷர்ட்டும் கையுறையுமாக ஐம்பது பேர். அபார்ட்மென்ட்வாசிகளின் தேனீ நண்பர்கள் குழுவாம். மூட்டையைப் பிரித்ததும் காசியம்மாள் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

“இன்னாய்யா இது, வெங்காயமா கீது?”

“வெங்காயம் இல்லம்மா, பல்பு” என்றாள் குழுத் தலைவி வைஷாலி. “சம்பங்கிக் கிழங்கு. பூ வந்தா தேனீ, பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி எல்லாம் வரும்.”

பூபாலன் கையில் ஹோல்டரோடு நின்றார். பக்கத்து வீட்டுக் கண்ணாயிரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “அண்ணாத்த, ஒரு பல்பு வாங்கினவன பாத்துகீறேன். ஒரே நாள்ல ஐந்நூறு பல்பு வாங்கினது நீ ஒருத்தன்தான்!”

ஊரில் வேறு இடமே இல்லாமலா இங்கே வந்தார்கள்? இல்லைதான். மற்ற தெருவெல்லாம் வீட்டு வாசல்படி வரைக்கும் சிமெண்ட் கல் பதித்தாகிவிட்டது. மண் மிச்சமிருந்தது காலனியில் மட்டும்தான். ரோடு போடாமல் விட்ட புண்ணியம்! வந்தவர்கள் ஆளுக்குப் பத்துக் கிழங்கு நட்டு, இருபது போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தேனீ இல்லாவிட்டால் மனிதனே இல்லை என்று வைஷாலி மைக்கில் பேசினாள்.

“தேனீ எத்தினி மணிக்கு மேடம் வூட்டுக்குப் போவும்?” என்று கேட்டாள் ஜெனிட்டா.

“இருட்டறதுக்குள்ள கூட்டுக்குப் போயிடும்.”

“குடுத்து வெச்சது” என்றாள் அவள்.

நாலாம் நாள் பன்றிகள் வந்து பாத்தியைக் கிளறின. பதறிப்போனார் வெங்கடேசன். ஏழு மனுவுக்கு அசையாத பதிவேடு இரண்டே நாளில் திறந்தது. இரண்டு கம்பமும் எண் பெற்றன. ‘மலர்ச்செடிப் பாதுகாப்பு விளக்கு’ என்று உத்தரவும் வந்தது. மனுஷ ஜென்மத்துக்குக் கிடைக்காத வெளிச்சம் கிழங்குக்குக் கிடைத்தது! பூபாலனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தாலும் கை மட்டும் மளமளவென்று விளக்கை மாட்டியது. ஜெனிட்டா தலை நிமிர்ந்து நடந்து வந்தாள். வேலையை விடுவதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

அந்த நிம்மதி பதினோரு நாள்தான். ராத்திரி வெளிச்சம் அந்துப்பூச்சிக்கு ஆகாது என்று வைஷாலி புகார் கொடுத்துவிட்டாள். வெங்கடேசன் போனில் கத்தினார்: “அந்த பல்பையெல்லாம் இன்னைக்கே எடுத்துடுய்யா!”

“பல்பத்தானே சார்? வாட்ஸ்அப்புல ஒரு வரி போட்டுடுங்க, பின்னால பேஜாரு வேணாம்.”

வந்தது: ‘காலனி சாலையில் உள்ள பல்புகளை உடனே அகற்றவும்.’

பூபாலன் அதை இரண்டு தடவை படித்தார். ஏணியை எடுக்கவில்லை, மண்வெட்டியை எடுத்தார். பட்டப்பகலில், தெருவே பார்க்க, ஒரு கிழங்கு விடாமல் தோண்டினார். கண்ணாயிரம் சாக்கு பிடித்தான். மூட்டையைக் கொண்டுபோய் செயல் அலுவலர் மேஜைமேல் தொப்பென்று போட்டார்.

“யோவ், இன்னாய்யா இது?”

“பல்பு சார்.”

“நான் லைட்டைச் சொன்னேன்யா!”

“லைட்டுன்னா லைட்டுன்னு சொல்லணும் சார். மொதோ தபாவும் பல்புன்னுதான் சொன்னீங்க. நம்பி தெருவுக்கே பொங்க வெச்சோம்.”

வெங்கடேசன் மூட்டையை மேஜைக்கு அடியில் தள்ளினார். மெமோ கொடுக்கலாமென்றால் சொந்த வாட்ஸ்அப் பல்லை இளிக்கிறது. ஐந்நூறும் செழிப்பாக வளர்கிறது என்று போட்டோவோடு மேலே அறிக்கை வேறு அனுப்பியாகிவிட்டது. இப்போது பாதுகாப்பு விளக்கைக் கழற்றினால் காவலை ஏன் எடுத்தாய், பூ எங்கே என்று மேலே கேட்பார்கள். விளக்கை எடுத்த பிறகும் பூச்சி ஏன் வரவில்லை என்று வைஷாலிக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

“வாயை மூடிக்கினு போய்யா” என்றார் கடைசியில். “லைட்டு அப்படியே இருக்கட்டும்.”

பூபாலன் வெளியே வந்து மகளுக்குப் போன் போட்டார். “நீ பாட்டுக்கு வேலைய பாரும்மா” என்றார்.