சேதுமாதவன் தமிழில் சொல்லாதது

துபாயின் ஜெபல் அலியில் ஒரு ஜெர்மன் கார் கம்பெனியின் உதிரிபாகக் கிடங்கு இருந்தது. அங்கே பெட்டி இறக்க ஆட்களை அனுப்பியது வேறொரு கான்டிராக்ட் கம்பெனி. அந்த ஆட்களின் கேம்ப், பஸ், லீவு எல்லாவற்றையும் கவனித்தவர் நாகர்கோவில்காரரான சேதுமாதவன். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். தன்னை நல்ல மனிதர் என்றே நினைத்திருந்தார்.

ஆட்களின் பாஸ்போர்ட்டுகள் அவருடைய அலமாரியில் பூட்டிக் கிடந்தன. ஊரில் தன் மனைவி பூவாயிக்கு ஆபரேஷன் என்று, பெட்டி இறக்கும் கார்மேகம் வந்து பாஸ்போர்ட்டைக் கேட்டபோதும், "கான்டிராக்ட் முடியட்டும்ப்பா" என்று அதே மெல்லிய குரலில்தான் திருப்பி அனுப்பினார்.

2006இல் கார் கம்பெனிக்கு ஆண்டு விழா. ஓய்வுபெற்ற பொறியாளர் ஹைன்ஸ் ஜெர்மனியிலிருந்து வந்து, கேன்டீனில் தொழிலாளர்களுக்குக் கம்பெனியின் கதையைச் சொன்னார். அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, சேதுமாதவன் தமிழில் சொன்னார். முதல் கார் பாதி வழியில் நின்றுபோய், குதிரை கட்டி இழுத்து வந்த கதைக்கு எல்லோரும் சிரித்தார்கள். சேதுமாதவனுக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது.

பிறகு கிழவரின் குரல் இறங்கியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெளிநாட்டு ஆட்களைப் பிடித்து வந்து அந்தத் தொழிற்சாலையில் வேலை வாங்கினோம் என்றார். வேலிக்குள் தூங்கினார்கள். அவர்களுடைய அடையாளக் காகிதங்கள் கம்பெனியிடம் இருந்தன. வீட்டுக்குப் போக வழியில்லை.

"என் அப்பா அங்கே மேஸ்திரி. வீட்டில் அன்பானவர். சாகும்வரை இதைப் பற்றி வாய் திறக்கவில்லை."

எல்லா முகங்களும் சேதுமாதவனைப் பார்த்தன.

"போர் நேரத்துல ஃபேக்டரி ரொம்பக் கஷ்டப்பட்டுது," என்றார்.

ஹைன்ஸ் திரும்பினார். "அவ்வளவுதானா?"

"தமிழில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், சார்."

பஸ் ஏறும்போது கார்மேகம் கிட்டே வந்தார். "சார், அந்தப் பெரியவரு கண்ணு கலங்குனாரே? ஃபேக்டரி கஷ்டப்பட்டதுக்கா?"

"வண்டி கெளம்புது, ஏறுப்பா."

அஜ்மானில் தன் வீட்டுக்குப் போனபின் சேதுமாதவன் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மனைவி நளினி கேட்டதற்கு ஆபீஸ் டென்ஷன் என்றார். இன்னொரு பொய்.

மறுநாள் கார்மேகத்தைக் கூப்பிட்டு, கிழவர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். கார்மேகம் நின்றபடியே கேட்டார்.

"அவங்க பாவம், அடிமைங்க. நாங்க சம்பளத்துக்கு வந்தவுங்கதானே சார்? நீங்க எங்களை ஒரு வார்த்தை வஞ்சதில்லையே."

அந்த ஆறுதல்தான் சுட்டது. சேதுமாதவன் அலமாரியைத் திறந்து கார்மேகத்தின் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். கார்மேகம் காலைத் தொடக் குனிந்தார்.

"வேண்டாம்ப்பா. உன்னோடதுதானே..."

செய்தி பரவி இன்னும் சிலர் வந்து கேட்டார்கள். கேட்டவர்களுக்குக் கொடுத்தார். கேட்கத் துணியாதவர்களை அவராகக் கூப்பிடவில்லை. அந்த வாரமே கான்டிராக்ட் கம்பெனி மேனேஜர் கத்தித் தீர்த்து, அலமாரிச் சாவியை வாங்கிப் பன்னீர்செல்வம் என்கிற புதுக் கிளார்க்கிடம் கொடுத்தார். சாவி போனதில் சேதுமாதவனுக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதிப்பட்டதை நினைத்து அதைவிட வெட்கமாக இருந்தது.

பூவாயியின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து கார்மேகம் ஊரிலிருந்து திரும்பி வந்தார். பன்னீர்செல்வம் கை நீட்ட, பாஸ்போர்ட்டைக் கொடுத்தார். பக்கத்து மேஜையில் சேதுமாதவன் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூவாயி குடுத்துவிட்டா, சார்," என்று ஒரு முறுக்குப் பொட்டலத்தைச் சேதுமாதவன் முன்னால் வைத்துவிட்டுக் கார்மேகம் டியூட்டிக்குப் போனார். சேதுமாதவன் தலை நிமிரவில்லை.