எலும்புக்கு ஊட்டிய சோறு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். கடலூர் முதுநகரில் வாடகைக்குக் குடியிருந்தோம். எனக்குக் குடிகாடு பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. யு.கே.ஜி. படித்துக்கொண்டிருந்த எங்கள் ஒரே மகள், ஒருநாள் பள்ளி வேனிலிருந்து இறங்கி, வலது பாதத்தின் வெளி ஓரத்தை மட்டும் ஊன்றி நொண்டி நொண்டி வந்தாள்.

விழவில்லை, அடிபடவில்லை என்றாள். சரி, சுளுக்குத்தான் என்று நாங்களே முடிவு கட்டினோம். எங்கள் பக்கம் சுளுக்கு என்றால் இரட்டைப் பிள்ளை பெற்றவரிடம் காட்டுவோம். அவர் கை பட்டால் சரியாகிவிடும் என்று நம்பிக்கை. பக்கத்துத் தெருவில் அப்படி ஒரு அம்மா இருந்தார். பாவம், நல்லெண்ணெய் தொட்டு மெதுவாகத்தான் நீவினார். பிள்ளை போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. பாதத்தின் உள்பக்கம், குழிவுக்குச் சற்று மேலே வீங்கியிருந்தது. நாட்கள் போயின, நொண்டல் போகவில்லை.

சிதம்பரத்தில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனோம். நடுத்தர வயதுப் பெண்மணி. இரண்டு பாதங்களையும் எக்ஸ்ரே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இடது பாதத்தில் மொச்சைக்கொட்டை மாதிரி உருண்டிருந்த ஒரு சின்ன எலும்பு, வலது பாதத்தில் நசுங்கி, மெலிந்து, வெள்ளையாகத் தெரிந்தது. புற்றுநோயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, என் மனைவி கேட்டுவிட்டாள்.

இல்லவே இல்லை என்றார் டாக்டர். சில பிள்ளைகளுக்கு வளர்கிற வயதில் அந்த எலும்புக்குப் போகிற ரத்தம் கொஞ்ச காலம் குறைந்துவிடுமாம். எலும்பு நலிந்துபோகும், பிறகு ரத்த ஓட்டம் தானே திரும்பி, எலும்பும் பழையபடி வளர்ந்துவிடும். அதுவரை அதன்மேல் பாரம் ஏறக்கூடாது, எண்ணெய் போட்டு நீவவே கூடாது. முழங்காலுக்குக் கீழே ஒன்றரை மாதம் மாவுக்கட்டு. நோய்க்கு ஏதோ பெயர் சொன்னார், என் வாயில் நுழையவில்லை.

மகள் மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அவள் பக்கம் குனிந்து, "உன் கால்ல ஒரு குட்டி எலும்பு இருக்குடா. அதுக்கு சரியா சாப்பாடு கெடைக்கல. பசியில சோர்ந்து படுத்துருக்கு. கொஞ்ச நாள்ல எழுந்துக்கும்" என்றார். அவள் தலையாட்டினாள்.

நாங்களும் தலையாட்டினோம். ஆனால் உள்ளுக்குள் நம்பவில்லை. ஊசி இல்லை, வலிக்கு ஒரு சிரப்பைத் தவிர மருந்தும் இல்லை. மருந்தே எழுதாத டாக்டரை யார் நம்புவார்கள்? கீரப்பாளையத்திலிருந்து வந்த என் மச்சான், மனைவியின் தம்பி, கொதித்துப்போனான்.

"தானா சரியாவும்னு சொல்றதுக்கு டாக்டர் எதுக்கு மாமா? கட்டைப் பிரிச்சிட்டு நாட்டு வைத்தியர்கிட்ட கூட்டினு போவலாம். பொம்பளப் புள்ள, நாளைக்கு நொண்டின்னு பேராயிட்டா யாரு பதில் சொல்றது?"

எனக்கும் அதே பயம்தான். மனைவிதான் பொறு பொறு என்று தள்ளிப்போட்டாள். இரண்டு வாரம் போயிருக்கும். ஒருநாள் காலை பார்த்தால், கட்டின் மேல் விளிம்பில் எறும்பு சாரை சாரையாக உள்ளே போகிறது. கிட்டே போனால் புளித்த நாற்றம். உள்ளே கால் அழுகிவிட்டது என்று மச்சான் கத்த, நான் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கட்டினவர்களே பிரிக்கட்டும் என்றாள்.

காரைப் பிடித்துச் சிதம்பரம் போய்ச் சேரும்வரை அந்த டாக்டரை மனதுக்குள் திட்டாத திட்டில்லை. உள்ளே நுழைந்ததும் வாய்விட்டே திட்டினேன். அவர் கட்டை வெட்டச் சொன்னார்.

கட்டு இரண்டாகப் பிளந்தது. உள்ளே காய்ந்த சோற்றுப் பருக்கைகள், இட்லித் துணுக்கு, கறுத்துப்போன வாழைப்பழம், பாதி பிஸ்கட். கெண்டைக்காலில் தோல் சிவந்து ஒரு சின்னப் புண். அவ்வளவுதான். கால் அழுகவில்லை.

யார் போட்டது என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார். மகள் எங்கள் முகங்களைப் பார்த்தாள். உதடு பிதுங்கிற்று.

"அதுக்குப் பசிக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க? நான் சாப்புடும்போதுலாம் அதுக்கும் கொஞ்சம் குடுத்தேன்."

ஒரு வாய் ஊட்டத் தெருவெல்லாம் துரத்த வைக்கிற பிள்ளை அவள். மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். தப்பு என்னுடையதுதான், நான்தான் அப்படிச் சொல்லி வைத்தேன் என்றார் டாக்டர். நான் திட்டியதைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, "நீ சாப்புட்டாலே அதுக்குப் போயிடும்மா" என்று மட்டும் சொன்னார்.

புண் ஆறியதும் புதுக் கட்டுப் போட்டார்கள். கால் ஊன்றவிடாமல் அவளைத் தூக்கிச் சுமந்தவன் அந்த மச்சான்தான். கீரையைக் கண்டாலே ஓடுகிறவள் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இந்நேரம் போயிருக்குமாப்பா?" என்று கேட்பாள். போயிருக்கும் என்பேன். கட்டுப் பிரித்தபோது வலி போயிருந்தது. எலும்பு தேறத்தான் நாளாயிற்று. ஒரு வருடத்துக்கு மேல் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் எது வலது எது இடது என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இப்போது வீடு அதிர ஓடுகிறாள். எலும்புக்கு ஊட்டியதெல்லாம் அவளுக்கு மறந்துகூடப் போயிருக்கும். ஆனால் சாப்பிட உட்கார்ந்து அவள் முதல் வாய் எடுக்கும்போது என் கண் இன்றும் அவள் வலது காலுக்குத்தான் போகிறது; நாங்கள் பெரியவர்கள் அந்தக் காலைப் பார்த்துப் பயந்துகொண்டும் யாரையாவது திட்டிக்கொண்டும் இருந்த நாளெல்லாம், அதற்குப் பசிக்குமே என்று நினைத்தவள் அவள் ஒருத்திதான்.