வெள்ளிக்கிழமை வழி

என் கல்யாணத்துக்கு வீட்டில் தந்த சாமான்களில் இன்று மிச்சம் இருப்பது ஒரு தகரப் பெட்டி. அதைப் பரணிலிருந்து இறக்குவது என் வீட்டுக்காரர் வேலை. துணிமணியையும் பாத்திரத்தையும் அதில் அடுக்குவது என் வேலை. அவர் கிறிஸ்தவ சபையில் பிரசங்கம் செய்யும் உபதேசியார். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் அவர் ஊழியம் செய்யாத சபை குறைவு. ஊழிய வாஞ்சையால் இத்தனை ஊர் பார்த்தார் என்று யாராவது புகழ்ந்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஓர் ஊரில் வாயைத் திறந்து உள்ளதைச் சொல்வார். பிறகு பெட்டியை இறக்குவார். அவ்வளவுதான்.

முதல் தடவை அது இறங்கியது காரோட்டுப் பக்கத்தில். சபைக் கமிட்டி செக்ரட்டரிக்கு அங்கே தென்னந்தோப்பும், மரச்சீனிக் கிழங்கு போட்ட விளை நிலமும் உண்டு. சபையில் பாதிப் பேருக்கு அவர் விளையில்தான் வேலை. எங்களுக்கும் அவர் வீட்டிலிருந்து அரிசி வரும், கிழங்கு வரும். நல்ல மனிதர், பொய் சொல்லக் கூடாது. ஒரு நாள் கிணற்றுக்குத் தெற்கே ஒரு துண்டு நிலத்தைக் கை காட்டி, "உபதேசியாருக்குக் கடைசி காலத்துல கிடக்க ஒரு இடம் வேண்டாமா, அம்மா? நான் எழுதித் தாறேன்" என்றார். சபை தரும் வீட்டிலேயே காலம் தள்ளுகிறவளுக்கு அந்தப் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கே மனசுக்குள் வீடு கட்டிவிட்டேன். அடுக்களை எந்தப் பக்கம், முருங்கை எங்கே நட வேண்டும் என்பதுவரை முடிவாகிவிட்டது.

அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டுக் கிடக்கிறவர்களுக்குக் கிராமத்தில் பத்து சென்ட் சொந்தம் என்று சட்டம் வந்த காலம் அது. செக்ரட்டரியின் தோப்பு ஓரத்தில் ஒரு விதவை, கைக்குழந்தையோடு குடிசையில் இருந்தாள். எங்கள் சபைக்காரிதான். வெள்ளிக்கிழமை தோறும் அவள் வீட்டில் ஜெபக்கூட்டம். நாங்கள் வயலில் இறங்கி, ஒற்றையடி வழியாக மேட்டில் ஏறி அங்கே போவோம். அவள் அந்தப் பத்து சென்ட்டுக்கு மனுக் கொடுத்தாள். செக்ரட்டரிக்கு நிலம் போவதைவிட, தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான் பொறுக்கவில்லை.

"மகளுக்குப் பேறுகாலம், கூடமாட நில்லு" என்று அவளைப் பாறசாலைக்கு, தன் மகள் வீட்டுக்கு அனுப்பினார். அவள் அந்தப் பக்கம் போனதும் குடிசைக்குள் தேங்காய் உரித்த தொண்டு நிறைந்தது. வாசலில் மாடு ஒன்று வந்து நின்றது. மனுவை விசாரிக்க நெய்யாற்றின்கரையிலிருந்து அதிகாரி வந்த அன்று, செக்ரட்டரி என் வீட்டுக்காரரையும் கூட்டிப் போனார். வேலைக்காரர்கள் சொன்னால் பயந்து சொல்கிறார்கள் என்று அதிகாரி நினைப்பார். வெள்ளை ஜிப்பா போட்ட உபதேசியார் சொன்னால் மறுபேச்சு இல்லை. செக்ரட்டரி எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார், ஆளை மட்டும்தான் யோசிக்கவில்லை.

நானும் மற்றப் பெண்களோடு தென்னை மரத்து மூட்டில் நின்றேன்.

"உபதேசி, இது வீடோ, தொண்டு இடுந்ந ஷெட்டோ?" என்று அதிகாரி மலையாளத்தில் கேட்டார்.

"வீடாக்கும் சாரே. வெள்ளிக்கிழமை தோறும் நான் இங்க ஜெபம் நடத்த வாறதுண்டு. அந்த மூலையிலதான் பாய் விரிச்சு இருப்போம். மாட்டை இன்னைக்குத்தான் பாக்கேன்."

யாரோ சிரித்தார்கள். செக்ரட்டரி தலையைத் திருப்பியதும் அந்தச் சிரிப்பும் நின்றது. கிணற்றுக்குத் தெற்கே இருந்த என் வீடு, முருங்கையோடு சேர்ந்து போனது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

அவளுக்குப் பத்து சென்ட் கிடைத்தது. எங்களுக்கு அரிசி நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவர் வாசலில் நின்றால், ஆட்கள் பக்கத்துக் கதவு வழியாக இறங்கிப் போனார்கள். பிறகு மாற்றல் வந்தது.

"தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நினைவில்லைன்னு சொல்லியிருக்கலாமே" என்று பெட்டி அடுக்கிக்கொண்டே அழுதேன்.

"ஞாயித்துக்கிழமை இதே வாயை வச்சுக்கிட்டுத்தானே வேதம் வாசிக்கணும்" என்றார். அவரும் சோர்ந்துதான் இருந்தார். வீரம் பேசுகிற ஆளில்லை. பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார்.

பிறகு பெருங்கடவிளைக்கு அப்பால் ஒரு சபை. மழை வந்தால் வீட்டுக்குள் குடை பிடிக்க வேண்டும். வளைகுடாப் பணம் ஊருக்குள் வரத் தொடங்கியிருந்தது. சபைக்கு ஒரு துபாய்க்காரர் மைக்செட் வாங்கித் தந்தார். அதை ஜெபித்துத் திறந்துவைத்த அன்றே, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, ஊரில் தாயும் தகப்பனும் அடுத்த வீட்டுக் கஞ்சிக்குக் காத்துக் கிடப்பதைப் பற்றி இவர் பிரசங்கித்தார். புது மைக், நன்றாகக் கேட்டது. பெட்டி இறங்கியது.

இப்படியே ஓய்வு பெறும் காலமும் வந்தது. போக இடமில்லை. அப்போதுதான் அந்த விதவையின் மகன் எங்களைத் தேடி வந்தான். அவனும் வளைகுடாவுக்குப் போய் நன்றாக இருந்தான். அவன் அம்மா அதற்குள் இறந்துபோயிருந்தாள். பத்து சென்ட்டில் அவள் கட்டிய ஓட்டு வீட்டுக்கு முன்னால், சாலையோரத்து நிலத்தையும் வாங்கி மாடி வீடு கட்டியிருந்தான். "உபதேசியார் சொன்ன வார்த்தையிலயாக்கும் எங்களுக்கு மண்ணு கிடைச்சது. பழைய வீடு சும்மா கிடக்குது. கடைசி வரைக்கும் நீங்க இருங்க, அம்மா" என்றான். குடிசை நின்ற அதே இடம். நான் முருங்கை நட்டேன். பெட்டியைப் பரணில் ஏற்றும்போது, இனி இதை இறக்க வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன்.

போன வருஷம் அவருக்கு வாதம் வந்தது. அவனுடைய காரில்தான் காரக்கோணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் தங்கியது, பேச்சு போய்விட்டது. அத்தனை ஊரில் பேசிய வாய் ஒரு பக்கமாகக் கோணிக் கிடப்பதைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை. ஆனால் ஒரு நிம்மதியும் இருந்தது. இனி இவரிடம் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்.

என்னிடம் கேட்டார்கள்.

அவன் செக்ரட்டரியின் பிள்ளைகளிடமிருந்து மிச்சத் தோப்பையும் வாங்கி, சுற்றி மதில் கட்டத் தொடங்கினான். வயல் பக்கத்து வீட்டுக்காரர்கள் சாலைக்கு ஏறி வரும் ஒற்றையடி வழி மதிலுக்குள் போயிற்று. அவர்கள் புகார் கொடுக்க, வில்லேஜ் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. "இங்க வழின்னு ஒண்ணு இருந்ததே இல்ல சாரே. வேணும்னா உபதேசியாரம்மாட்ட கேளுங்க" என்றான் அவன். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான். அந்தச் சிரிப்பில் கள்ளம் இல்லை. நான் அவன் வீட்டு ஆள் என்று நம்பினான்.

"அம்மே, இவிடெ வழி உண்டாயிருந்தோ?" என்று ஆபீஸ் ஆள் மலையாளத்தில் கேட்டார்.

வயசாச்சு, நினைவில்லை என்று சொன்னால் போதும். வாழ்நாள் முழுக்க என் வீட்டுக்காரருக்கு நான் சொல்லிக்கொடுத்த பதில் அது. நாக்கு நுனிக்கும் வந்துவிட்டது. மேட்டுக்குக் கீழே, தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பெண் போக வழியில்லாமல் நின்றாள். என் பின்னால் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் அவர் கேட்டுக்கொண்டு கிடக்கிறார் என்பது எனக்குத் தெரியும். கர்த்தர் கேட்கிறார் என்பதும் தெரியும். ஆனால் கட்டிலில் கிடக்கிறவர்தான் எனக்குப் பெரிய தொந்தரவாக இருந்தார்.

"உண்டு சாரே. இவனுக்க அம்மைக்க குடிசைக்கு வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு நாங்க அந்த வழியாக்கும் வந்தோம்."

அவன் முகம் வாடிவிட்டது. ஆபீஸ் ஆள் எழுதிக்கொண்டு போன பிறகு கேட்டான், "அம்மா, நான் உங்களுக்கு என்ன குறை வச்சேன்?"

"ஒரு குறையும் வைக்கல்ல, மக்கா. குறை உண்டான்னு கேட்டிருந்தா இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன். சாரு வழியைத்தானே கேட்டாரு."

அவன் முருங்கையைப் பார்த்தான். பிறகு, "மதில் பணிக்காரங்களைத் தங்க வைக்க இந்த வீடு வேண்டி வரும், அம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனான். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

உள்ளே போனேன். உடம்பெல்லாம் அசதி. அவருடைய நல்ல பக்கத்து உதடு சிரித்துக்கொண்டிருந்தது. நல்ல கையைத் தூக்கிப் பரணைக் காட்டினார்.

"சிரிக்காதீங்க. அதை இறக்க எனக்கு இப்ப சக்தி இல்ல" என்றேன்.

அவர் கையைத் தாழ்த்தவில்லை. நான் முக்காலியை இழுத்துப் போட்டேன்.