மூச்சு விடும் மெத்தை

பழைய மெத்தையைப் பிரித்துப் போட்டால் அதில் படுத்தவரைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடும் என்பாள் மெஹர் பானு. எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவார், இடுப்பு வலி உண்டா, பிள்ளை கூடப் படுக்குமா என்பதையெல்லாம் பஞ்சு அமுங்கிக் கிடக்கும் விதத்தை வைத்தே சொல்வாள். 1937 வைகாசியில் குற்றாலத்திலிருந்து வண்டியில் வந்து இறங்கிய மெத்தையைப் பிரித்த அன்று மட்டும் அவள் எதுவும் சொல்லவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினாள்.

மெத்தையின் நடுவில் ஒரே ஒரு பள்ளம் இருந்தது. மனிதர்கள் தூக்கத்தில் புரளுவார்கள். பள்ளம் அகலமாகி ஓரம் மங்கிப் போகும். இந்தப் பள்ளம் அச்சில் வார்த்ததுபோல் ஓர் உடம்பின் அளவுக்கு மட்டும் இருந்தது. இடுப்பும் குதிகாலும் படும் இடங்களில் பழுப்புக் கறை. அதன் அடியில் பஞ்சு கறுத்து, பூசணம் பிடித்து, கட்டிகட்டியாக வந்தது. இரண்டு ஓரங்களிலும் மும்மூன்று இடங்களில் துணி தேய்ந்து நூல் நூலாகக் கிழிந்திருந்தது. ஒரு கிழிசலில் விரலை விட்டு இழுத்தாள். கையோடு வந்தது கயிற்று நார்.

மெஹர் பானுவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. புருஷன் இறந்து ஏழு வருடம். அவன் விட்டுப்போன மெத்தைத் தொழிலைத் தென்காசியில் தன் வீட்டு முன்னறையிலேயே வைத்து நடத்தினாள். ஒரு தடவை ரயில் நிலையத்தில் முதல் வகுப்பு இருக்கை ஒன்றை ஏலம் விட்டார்கள். கிழிந்ததுதானே என்று யாரும் கேட்கவில்லை. அதை வாங்கி வந்து, ஆணி ஆணியாகப் பிடுங்கி, உள்ளே சுருள் கம்பிகளை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று நான்கு நாள் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு அதையே திரும்பக் கட்டிப் பார்த்தாள். குற்றாலத்துச் சாரலில் இலவம்பஞ்சு மெத்தை மூன்று மாதத்துக்குமேல் தாங்காது. ஈரம் இறங்கினால் இறங்கியதுதான். உள்ளே காற்று ஓடுகிற மெத்தை ஒன்றைச் செய்ய வேண்டும் என்று அவளுக்கு வெகுநாளாக ஆசை.

அந்த ஆசையைக் கேள்விப்பட்டுத்தான் சுந்தரபாண்டியன் அந்தப் பழைய மெத்தையை முதலில் அனுப்பிவிட்டு, மறுநாள் தானே வந்தார். சிவகிரிப் பக்கத்து மிராசுதார். ஐந்தருவிக்குப் போகும் வழியில் பங்களா வைத்திருந்தார். நிதானமாகப் பேசுகிற மனிதர்.

“வீட்டுல ரெண்டு வருஷமா படுக்கையில கெடக்கா. முதுகெல்லாம் புண்ணு. காத்தோட்டம் இருந்தாத்தான் ஆறும்னு டாக்டர் சொல்லுதாரு. நீ ரயில் மெத்தை மாதிரி பண்ணுவியாமே.”

“பண்ணலாம்யா. படுக்குத ஆளைப் பார்க்கணும். தோளுக்கு ஒரு அழுத்தம், இடுப்புக்கு ஒரு அழுத்தம். அதுக்குத் தக்கனதான் கம்பி முறுக்கணும்.”

“வந்து பாரு” என்றார் அவர்.

அடுத்த வாரம் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஜட்காவில் போனாள். சீசன் இன்னும் தொடங்கவில்லை. ஆனாலும் பங்களாவுக்குள் ஈர வாடை. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. கட்டிலில் அவர் மனைவி வடிவம்மாள் படுத்திருந்தாள். முப்பது வயதிருக்கும். கழுத்துவரை போர்வை. அவளைப் பார்த்துக்கொள்ளும் பார்வதியம்மாள் வெந்நீர் எடுக்கப் போனதும் பானு போர்வையை விலக்கினாள். மார்பு, இடுப்பு, முழங்கால் என்று மூன்று இடங்களில் கயிறு கட்டிலோடு சேர்த்து ஓடியது. மணிக்கட்டுகளில் தனியாகத் துணிக்கட்டு.

“பயப்படாதீக” என்றாள் வடிவம்மாள். குரலில் நோய் இல்லை. “எம் பிள்ளை வெள்ளத்துல போச்சு. ஆறு வயசு. அதுக்கப்புறம் தண்ணிச் சத்தம் கேட்டா எந்திரிச்சுப் போயிருவேன். அவுக பயந்துதான் கட்டினாக. முதல்ல ராத்திரிக்கு மட்டும். பொறவு பகலுக்கும். இப்ப எதுக்குக் கட்டினோம்னே அவுகளுக்கு மறந்து போச்சு.”

பானு அளவு நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

“புளியங்குடியில எங்க அண்ணன் இருக்காரு. செல்லச்சாமி. எலுமிச்சைத் தோட்டம்னா யாரும் காட்டுவாக. அவருக்கு ஒரு வார்த்தை சொல்லணும்.”

வெந்நீரோடு பார்வதியம்மாள் வந்துவிட்டாள். பானு தோளை அளந்தாள், இடுப்பை அளந்தாள், குதிகாலின் கீழ் எத்தனை விரல் இடைவெளி என்று பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பெரிய வீட்டு விவகாரம். நம்மால் ஆவது மெத்தை. அது நன்றாக அமைந்தால் புண்ணாவது ஆறும்.

அந்த மெத்தைக்கு அவள் உழைத்ததுபோல் வேறு எதற்கும் உழைத்ததில்லை. கொல்லர் பிச்சையா மதுரையிலிருந்து கம்பி வரவழைத்தார். உடுக்கை மாதிரி மேலும் கீழும் அகன்று நடுவில் ஒடுங்கிய சுருள்கள் வேண்டும் என்றாள் பானு. முதலில் முறுக்கியவை அழுத்தினால் அழுத்தியபடியே கிடந்தன. பிச்சையா கம்பியைக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, மறுபடி இளஞ்சூட்டில் வாட்டிப் பதம் கண்டுபிடிக்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. மொத்தம் தொண்ணூற்றாறு சுருள்கள். இடுப்புக்குக் கெட்டிக் கம்பி, தோளுக்கு மெல்லியது, குதிகாலுக்கு அதைவிட மெல்லியது. ஒவ்வொன்றையும் எட்டுத் திசையிலும் சணலால் இழுத்துக் கட்டினாள். மேலே தேங்காய் நாரைத் தளர்வாகப் பின்னிய விரிப்பு, அதற்கு மேல் இரண்டு விரல் கனத்துக்கு மட்டும் இலவம்பஞ்சு. பக்கவாட்டுத் துணியில் வரிசையாகத் துளையிட்டு, செருப்புத் தைப்பவரிடம் வாங்கிய, நாடா கோக்கும் பித்தளைக் கண்களைப் பதித்தாள்.

தைத்து முடித்த அன்று ஒரு சட்டியில் சாம்பிராணி போட்டு, புகையை ஒரு பக்கத் துளைகளில் விசிறினாள். பிச்சையா மெத்தையின் மேல் உட்கார்ந்து எழுந்தார். மறுபக்கத் துளைகள் அத்தனையிலும் புகை புஸ்ஸென்று வந்தது. திரும்ப உட்கார்ந்தார், திரும்ப வந்தது.

“தங்கச்சி, இது மூச்சு விடுது” என்றார் பிச்சையா.

அப்போதுதான் பங்களாவிலிருந்து ஆள் வந்தான். ஐயா ஒரு சேதி சொல்லிவிட்டிருக்கிறார். மெத்தையின் ஓரங்களில் தோல் வளையம் தைக்க வேண்டுமாம். தூக்குவதற்கு வசதியாக இருக்குமாம். தலைமாட்டிலிருந்து எத்தனை சாணில் ஒவ்வொரு வளையமும் வரவேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தது. பக்கத்துக்கு மூன்று.

ஆள் போனபின் பானு பழைய மெத்தையின் உறையை எடுத்து விரித்து, சீட்டில் கண்ட அளவுகளை அதன் ஓரத்தில் வைத்துப் பார்த்தாள். மூன்று அளவும் மூன்று கிழிசலில் போய் நின்றன.

“அண்ணாச்சி, புண்ணு ஆறணும்னு இதைச் செஞ்சேன்” என்றாள் பிச்சையாவிடம். “புண்ணு வந்தா என்னைக்காவது அவுத்துத்தானே ஆகணும். புண்ணே வராட்டி? சாகுத மட்டும் கட்டியே வைக்கலாம்லா.”

பங்களாவில் கண்டதையும் கேட்டதையும் அவள் முன்பே அவரிடம் சொல்லியிருந்தாள். பிச்சையா சீட்டை மடித்து வைத்துவிட்டு, “அந்த அண்ணன்காரனுக்கு நான் கடுதாசி எழுதுதேன். நீ சொல்லு” என்றார்.

கடிதம் போயிற்று. ஒரு வாரம் ஆகியும் பதில் இல்லை. மெத்தை கேட்டு பங்களாவிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்துவிட்டான். வளையம் தைக்காமலே மெத்தையைக் கொண்டுபோனாள்.

“வளையம் எங்க?” என்றார் சுந்தரபாண்டியன்.

“ஓரத்துல தோல் தைச்சா உள்கட்டு தளந்துரும்யா.”

அவர் மெத்தையைக் கையால் அழுத்தினார். துளைகள் மூச்சு விட்டன. அவருக்கு அது பிடித்திருந்தது. “சரி. கயிறு இருக்குல்லா” என்றார்.

அதற்குப்பின் மூன்று நாள் பானு எந்த மெத்தையையும் தொடவில்லை. நான்காம் நாள் பழைய உறையின் ஓரத்தை ஒரு முழம் கத்தரித்துத் துப்பட்டிக்குள் வைத்துக்கொண்டு புளியங்குடிக்கு முதல் பஸ் ஏறினாள்.

செல்லச்சாமி தோட்டத்தில் பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். கடிதம் வந்ததா என்று கேட்டாள்.

“வந்துது. நேத்து மாப்பிள்ளை இங்கன வந்திருந்தாரு. கேட்டேன். அவளுக்குப் புத்தி சரியில்ல, நல்லாத்தான் பார்த்துக்கிடுதோம், வேண்டாதவுக எழுதினதுன்னாரு.”

“யாரு எழுதினதுன்னு கேட்டாரா?”

“கேட்டாரு. கடுதாசியக் காட்டினேன்.”

பானு துணித்துண்டை எலுமிச்சைக் குவியலின் மேல் விரித்தாள். தேய்ந்த இடத்தையும், ஒட்டியிருந்த நாரையும், அதன் பக்கத்தில் பரவியிருந்த பழுப்பையும் விரலால் தொட்டுக் காட்டினாள். “இது உங்க தங்கச்சி படுத்துக் கெடந்த துணி. ரெண்டு வருஷக் கயிறு.”

செல்லச்சாமி அதைக் கையில் எடுத்தார். முகர்ந்து பார்த்தார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “அடுத்த பஸ் எப்ப?” என்றார்.

அவர்கள் குற்றாலம் போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது. சாரல் பிடித்திருந்தது. மலையில் மழை வலுத்து அருவிச் சத்தம் பாதைவரை கேட்டது. பங்களாவின் கதவு திறந்து கிடந்தது. கட்டில் வெறுமையாக இருந்தது. வாசற்படியில் பார்வதியம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“காலையிலயே கூண்டு வண்டியில ஏத்திட்டாரு. மெத்தையோட” என்றாள். “ஆரியங்காவுக்கு அங்கிட்டு மலைக்குள்ள ஒரு வைத்தியர் வீடாம். அங்கன கொண்டு விட்டா, பொறவு யாரும் போய்ப் பார்க்க வேண்டியதில்லையாம்.”

ஆரியங்காவுக்குச் செங்கோட்டை வழியாகத்தான் போக வேண்டும்; அது அப்போது திருவிதாங்கூர் ராஜ்ஜியம். எல்லையில் சுங்கச் சாவடி உண்டு. ஜட்காவில் அவர்கள் அங்கே போனபோது, மாடு அவிழ்த்த கூண்டு வண்டி ஓரமாக நின்றது. சுற்றிலும் வண்டிக்காரர்கள் கூட்டம். சாவடி அதிகாரி கையில் குத்தூசியோடு மெத்தையின் பித்தளைத் துளைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு மெத்தையை அவர் கண்டதில்லை. அழுத்தினால் உள்ளே கம்பி இடிக்கிறது; துளை வழியே காற்று வருகிறது; கடத்தல் சாமான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். இரண்டு மணி நேரமாகத் தகராறு.

“நோயாளி கெடக்கா. எழுப்பக்கூடாது” என்று சுந்தரபாண்டியன் அதே நிதானத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

செல்லச்சாமி பாயப் போனார். பானு அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு முன்னால் போனாள்.

“ஐயா, இதைத் தைச்சது நான்தான். உள்ள என்ன இருக்குன்னு நானே பிரிச்சுக் காட்டுதேன். ஆனா படுத்திருக்கவுகளை இறக்கணும்.”

சுந்தரபாண்டியன் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி அவள் பின்னாட்களில் யாரிடமும் சொன்னதில்லை.

“இறக்கு” என்றார் அதிகாரி.

யாரும் அசையவில்லை. அதிகாரியே போர்வையை இழுத்தார். கயிறுகளைக் கண்டதும் குத்தூசி அவர் கையிலேயே நின்றுவிட்டது. செல்லச்சாமி வண்டிக்குள் ஏறி முடிச்சுகளை அவிழ்த்தார். ஈரத்தில் இறுகிய முடிச்சுகள். பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. தங்கையைத் தூக்கிச் சாவடித் தாழ்வாரத்தில் உட்காரவைத்தபோது அவள் உட்காரத் தெரியாமல் சரிந்தாள்.

பானு மெத்தையை மண்ணில் இறக்கிப் போட்டு, மடியிலிருந்த மடக்குக் கத்தியால் பிரித்தாள். ஒரு ஓரத்தைக் கிழித்துக் காட்டியிருந்தாலே போதும். அவள் நிறுத்தவில்லை. நாற்பது நாள் கட்டிய கட்டுகளை ஒவ்வொன்றாக அறுத்தாள். இலவம்பஞ்சு மழையில் நனைந்து தரையோடு ஒட்டியது. சுருள்கள் சேற்றில் உருண்டன. அதிகாரி போதும் என்று சொன்ன பிறகும் அறுத்துக்கொண்டிருந்தாள். அந்த மெத்தையை இனி யாரும் யாருக்கும் விரிக்க முடியாது என்று ஆன பிறகுதான் கத்தியை மடக்கினாள்.

சுந்தரபாண்டியன் சண்டை போடவில்லை. வண்டியைப் பூட்டச் சொன்னார். போகும்போது மைத்துனனிடம் மட்டும், “கூட்டிட்டுப் போ. ஆடியில தண்ணி வரும். அப்ப என்னைக் கூப்பிடாதே” என்றார்.

அவர் சொல்லுக்குக் குற்றாலத்தில் மதிப்பு இருந்தது. அதன்பின் எந்தப் பங்களாவிலிருந்தும் பானுவுக்கு வேலை வரவில்லை. இரண்டு வருடம் தலையணை தைத்துப் பிழைத்தாள். பிறகு பஸ் முதலாளி ஒருவர் இருக்கை கட்டும் வேலை கொடுத்தார். யுத்தம் வந்து கம்பி கிடைக்காமல் போகும்வரை அது ஓடியது. மறுபடியும் ஒரு சுருள்கம்பி மெத்தை செய்யச் சொல்லிப் பிச்சையா எத்தனையோ தடவை கேட்டும் அவள் செய்யவில்லை.

புளியங்குடியில் அண்ணன் வீட்டில் வடிவம்மாள் சுவரைப் பிடித்து நடக்க எட்டு மாதம் ஆயிற்று. பானு முதல் தடவை போய்ப் பார்த்தது அடுத்த வருடம் ஆடியில். நல்ல மழை. வடிவம்மாள் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள், முகம் தெளிந்திருந்தது. அந்த அறையின் கதவில், வெளிப்பக்கமாக, புதிதாக ஒரு தாழ்ப்பாள் அடித்திருந்ததைப் பானு பார்த்தாள்.

“இது எதுக்கு?”

“மழைச் சத்தம் பலமா கேட்டா நானே அண்ணிகிட்டச் சொல்லிருவேன். வெளிய இருந்து போட்டுருவாக. மழை விட்டதும் திறந்துருவாக.”

“நீங்களா சொல்லுதீக?”

“நானாத்தான்” என்றாள் வடிவம்மாள்.

அது நிஜமா என்று பானுவுக்குத் தெரியவில்லை. முதலில் ராத்திரிக்கு மட்டும் என்று அன்று பங்களாவில் அவள் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அதனால் ஒவ்வொரு வருடமும் ஆடி மழையில், தகவல் சொல்லாமல், புளியங்குடிக்கு பஸ் ஏறினாள். தோட்டத்து வீட்டுக்கு நேரே போவாள். வடிவம்மாள் எங்கே என்று கேட்பாள். அவள் வெளியே இருக்கிறாளா என்று பார்த்த பிறகுதான் தண்ணீர் குடிப்பாள். செல்லச்சாமியின் மனைவிக்கு அது பிடிக்கவில்லை, முகத்தில் காட்டினாள். பானு நிறுத்தவில்லை.

1945இல் போனபோது வடிவம்மாள் கொட்டகையில் எலுமிச்சை பொறுக்கிக்கொண்டிருந்தாள். தகரக் கூரையில் மழை கொட்டிற்று. அவள் தலை நிமிரவில்லை. பானு அவளைக் கடந்து வீட்டுக்குள் போனாள். அறைக் கதவின் தாழ்ப்பாளைப் பெருவிரலால் தள்ளிப் பார்த்தாள். திறந்தபடியே துருப்பிடித்து இறுகியிருந்தது. இரண்டு கையாலும் தள்ளினாள். அது அசையவில்லை.