கிழக்கு கேலரி சம்பூர்ணம்

ஆட்டம் பாதியில் இருக்கும்போது எழுந்து போகிற ரசிகையைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்கள்? பொழுது போகாமல் வந்தவள், செல்ஃபி எடுத்துக்கொள்ள வந்தவள், வீட்டில் உலை வைக்க நேரமாகிவிட்டது, இப்படித்தானே? வேலூர் ஆண்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்காமலே காரணம் கண்டுபிடிக்கிற திறமை, பெண்கள் விஷயத்தில் மட்டும் நமக்கு எப்படியோ வாய்த்துவிடுகிறது.

அப்படி எழுந்து போனவர்களில் முதல் ஆள் சம்பூர்ணம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், தையல் பிரிவில் வேலை. ஷூவின் மேல்பாகத்துத் தோலை மெஷினில் ஓட்டித் தைப்பார். அவர் தைத்த ஷூக்கள் ஐரோப்பாவில் நடக்கின்றன. அவர் போட்டிருப்பது ரப்பர் செருப்பு.

பிறந்தது பேரணாம்பட்டுப் பக்கம். அப்பா தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கித் தோல் புரட்டியவர், அம்மா பீடி சுற்றியவர். அண்ணன்மார்கள் காய்ந்த ஆற்று மணலில் பந்தாடும்போது சம்பூர்ணம்தான் கோல் கீப்பர். பக்கத்துக்கு ஒரு கல், நடுவில் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு இவர். அவரைத் தாண்டி கோல் போடுவது சுலபமில்லை என்று அண்ணன்களே ஒப்புக்கொள்வார்கள். பிறகு அவர் வயதுக்கு வந்தார். பச்சை ஓலை கட்டி, சீர் வைத்து, ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டார்கள். பந்தை மட்டும் பிடுங்கிக்கொண்டார்கள். உடம்பு தன் வேலையைச் செய்ததற்கு ஒரு சிறுமிக்குத் தண்டனை, அதற்குக் கொண்டாட்டம் என்று பெயர். இந்த நாட்டில்தான் இது நடக்கும்.

அதன் பிறகு அவருக்குப் பந்து என்பது டிவியிலும் கைபேசியிலும் ஓடுகிற பொருளாகிவிட்டது. கணவர் கோதண்டபாணி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவருக்குக் கிரிக்கெட்தான். மனைவி உலகக் கோப்பை பார்க்க உட்கார்ந்தால் பக்கத்திலேயே தூங்கிவிடுவார். கோல் விழுந்தால் எழுப்பச் சொல்வார், எழுப்பினால் திட்டுவார்.

போன வருஷம் வேலூருக்கென்று ஒரு தொழில்முறை கால்பந்து அணி வந்தது. பாலாறு எஃப்.சி. என்று பெயர். பச்சையும் பழுப்பும் கலந்த ஜெர்சி. ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கத்துப் பையன்கள். பதினோராம் நம்பர் வசந்த், அரக்கோணத்துக்காரன். செய்தி வந்த அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பக்கத்து மெஷின் கிறிஸ்டினாவிடம் சம்பூர்ணம் விஷயத்தைச் சொன்னார்.

கிறிஸ்டினாவுக்குச் சந்தேகம். "யக்கா, அதுல எத்தினி பேரு ஆடுவாங்கன்னே எனக்குத் தெரியாது. வந்து இன்னா பண்றது?"

"பதினோரு பேரு. நம்ம தையல் லைனை விட கம்மி. ஒருத்தரு விசிலை வாயில வெச்சிக்கினு பின்னாலயே ஓடினு இருப்பாரு, நம்ம சூப்பர்வைசர் மாதிரி. அவ்ளோதான் ஆட்டம்."

லைன் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே பாதிப் பேர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்கள். மீதிப் பேரை இழுத்துவர ஒரு மாதம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிற நாள், தலைக்கு ஊற்றிக்கொள்கிற நாள், மாமியார் வருகிற நாள். ஒவ்வொருத்தி வீட்டுக்கும் போய் சம்பூர்ணம் பேசினார். வேன் ஏற்பாடு செய்தார். கொட்டுவதற்கு மேளம் வேண்டுமே என்றபோது ஒரு யோசனை சொன்னார். ஷூவுக்கு வடிவம் கொடுக்க, கால் மாதிரியே கெட்டியான பிளாஸ்டிக்கில் ஓர் அச்சு இருக்கும். கம்பெனியில் அதை லாஸ்ட் என்பார்கள். மாடல் மாறினால் பழைய லாஸ்டுகள் மூட்டை மூட்டையாகக் கழிந்துபோகும். ஸ்டோரில் கேட்டு, ஆளுக்கு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டார்கள். இடது காலையும் வலது காலையும் ஒன்றோடொன்று அடித்தால் கிளம்பும் சத்தத்தில் கோயில் மேளம் தோற்கும். மைதானத்தில் எறிந்துவிடுவார்கள் என்று யாரும் பிடுங்கக் கூடாது என்பதற்காக இரண்டையும் கயிற்றால் மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்கள்.

முதல் உள்ளூர் ஆட்டத்தில் கிழக்கு கேலரி அவர்களைத்தான் பார்த்தது. டக் டக், டடக். டக் டக், டடக். முன்வரிசையில் இருந்த ரசிகர் மன்றத்துப் பையன்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். இடைவேளை விசில் ஊதியது. ஆம்பூரில் வேன் ஏறி எத்தனையோ நேரமாகிவிட்டிருந்தது. பெண்கள் கழிப்பறையைத் தேடினார்கள்.

ஆண்களுக்கு கேலரிக்குக் கீழேயே இருந்தது. பெண்களுக்கு, ஆட்டக்காரர்களின் டிரஸ்ஸிங் ரூமைத் தாண்டி நடைவழியின் கோடியில் இருந்தது. கதவில் பொட்டு வைத்த ஒரு பெண்ணின் முகம் வரைந்து, அதன் மேல் பூட்டுத் தொங்கியது. நடைவழியின் தொடக்கத்திலேயே மறித்து, சாவி இல்லை என்றார் காவலாளி. வேறு வழியில்லாமல் எல்லோரும் பஸ் ஸ்டாண்ட் கட்டணக் கழிப்பறைக்கு நடந்தார்கள். அங்கே ஒரு வரிசை. திரும்பி வந்தால் மைதானத்து கேட் மூடியிருந்தது. வெளியே போனால் டிக்கெட் முடிந்தது என்றார்கள்.

சுவருக்கு வெளியே நின்றபோதுதான் உள்ளே அந்தப் பெரும் சத்தம் கேட்டது. பாலாறு எஃப்.சி.யின் வரலாற்றில் முதல் உள்ளூர் கோல். சம்பூர்ணம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாராம். பிறகு கையைத் தூக்கி லாஸ்டை அடித்தார். இருபத்துச் சொச்சம் பெண்களும் நடைபாதையில் நின்று, தாங்கள் பார்க்காத கோலுக்காகச் சுவரைப் பார்த்து அடித்தார்கள்.

மறுநாள் ரசிகர் மன்றத்து வாட்ஸப் குழுவில் அவர்களுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. ஆஃப் டைம் அக்காங்க. வைத்தவன் மன்றத் தலைவன் நயீம் அகமது. செல்போன் கவர் விற்கிற கடை வைத்திருப்பவன், நாக்கில் எப்போதும் ஒரு கிண்டல் தயாராக இருக்கும். லைனில் கிறிஸ்டினா அந்தப் பதிவைக் காட்டியபோது யாரும் சிரிக்கவில்லை. டிவியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். இவர்களைத் திரும்பக் கூட்டிப்போக சம்பூர்ணம் ஒரு வாக்கு கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆட்டத்தைக் கடைசி விசில் வரை உட்கார்ந்து பார்ப்போம், இல்லையென்றால் இனி உங்களைக் கூப்பிடவே மாட்டேன் என்றார். எல்லோரும் வேனில் ஏறியது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

இரண்டாவது ஆட்டத்துக்கு சம்பூர்ணம் முன்னதாகவே போய், மைதானப் பொறுப்பாளர் வேதாசலத்தைப் பார்த்தார். சாவி எங்கே என்று கேட்டார். வேதாசலம் முதலில் காண்ட்ராக்டரிடம் இருக்கிறது என்றார். பிறகு உள்ளே சாமான் இருக்கிறது என்றார். விடாமல் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு உண்மையைச் சொன்னார்.

"டிரஸ்ஸிங் ரூம் வாசலைத் தாண்டித்தாம்மா போவணும். பொம்பளைங்க எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பீங்களா? பசங்க ஆடப் போற நேரம். ராசின்னு ஒண்ணு இருக்குதில்ல."

அவர் கெட்டவர் இல்லை. பட்டப்படிப்பு படித்தவர். இரண்டு கோல் கம்பத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தவரும் அவர்தான். முதல் ஆட்டத்தில் அந்த எலுமிச்சம்பழங்களைத் தாண்டித்தான் மூன்று கோல் உள்ளே போனது. ஒரு பெண்ணின் கால்கூட டிரஸ்ஸிங் ரூம் வாசலில் படாத அன்றைக்குத்தான் அணி மூன்றுக்கு ஒன்று என்று தோற்றது. இந்தக் கணக்கு எந்தப் படிப்பிலும் வரவில்லை போலும். ஒரு சிறுமியின் கையிலிருந்து பந்தைப் பிடுங்கிய அதே காரணம், வயது நாற்பதைத் தாண்டிய பிறகும் சம்பூர்ணத்தின் வழியில் வந்து நின்றது.

சம்பூர்ணம் அங்கே சண்டை போடவில்லை. கேலரிக்குப் போய் உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கியது. அன்று சத்தம் முன்னைவிட அதிகம். ஆண்களும் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு கைதட்டினார்கள். கிழக்கு கேலரியே ஒரு பெரிய மெஷின் போல ஓடியது.

தையல் லைனில் வேலை பார்க்கிற யாருக்கும் ஒன்று தெரியும். நீங்கள் ஆபீசுக்குப் போய்க் கெஞ்சினால் எவரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். ஒரு மெஷின் நின்று, அடுத்தவளுக்கு வேலை வராமல் லைன் நின்றால், ஆபீஸே எழுந்து ஓடி வரும். இடைவேளைக்குச் சற்று முன்னால் சம்பூர்ணம் கையைத் தூக்கினார். பெண்கள் அத்தனை பேரும் லாஸ்டை மடியில் வைத்தார்கள்.

தாளம் போனதும் ஆண்களின் கைதட்டல் தடுமாறியது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. மைதானத்தில் வசந்த் பந்தை விட்டுவிட்டு கேலரியை அண்ணாந்து பார்த்தான். நயீம் படியேறி வந்தான்.

"இன்னாக்கா ஆச்சு? கரண்டு போன மாதிரி ஆயிட்ச்சு."

"ஆஃப் டைம் வரப்போவுது இல்ல தம்பி. நாங்க கிளம்பணும். பேரு வெச்சிருக்கியே."

"அக்கா, அது சும்மா தமாசுக்கு..."

"தமாசுதான். நாங்க ஏன் போனோம்னு உனுக்குத் தெரியுமா?"

அவனுக்குத் தெரியாது. சம்பூர்ணம் சொன்னார். பூட்டையும் சொன்னார், ராசியையும் சொன்னார். நயீமின் முகம் மாறியது.

"எங்கம்மாவைக் கூப்ட்டேன்க்கா, வரலைன்னுட்டாங்க. கூட்டம் பிடிக்காதுன்னு நினைச்சிக்கினேன்," என்றான். பிறகு கீழே திரும்பி, சாவி வருகிறவரை யாரும் கை தட்டக் கூடாது என்று தன் பையன்களுக்கு உத்தரவு போட்டான்.

இடைவேளை விசில் ஊதியபோது கிழக்கு கேலரி முழுவதும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நேரலையில் சத்தமே வரவில்லை என்று கிளப் மேனேஜர் ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் வேதாசலத்தைக் கூப்பிட்டார். சாவி வேதாசலத்தின் சட்டைப்பையிலேயே இருந்தது.

"இன்னிக்குத் தோத்தா நீங்கதாம்மா பொறுப்பு," என்று சொல்லி அதைச் சம்பூர்ணத்திடம் கொடுத்தார்.

"சரிங்க சார். போன மேட்சுக்கு யாரு பொறுப்பு?"

சம்பூர்ணம் சாவியோடு நடைவழிக்கு நடந்தார்.

கதவைத் திறந்தால் உள்ளே பழைய கோல் வலை, கொடிக் கம்பு, கோடு போடுகிற சுண்ணாம்பு மூட்டைகள். மலைத்து நின்றவர்கள் ஆண்கள்தான். பெண்கள் கண்மூடித் திறப்பதற்குள் நடைவழி நெடுக வரிசை கட்டி, கைக்குக் கை மாற்றி அத்தனையையும் வெளியே எடுத்துவிட்டார்கள். அது அவர்களுக்குத் தினசரி வேலை. குழாய் இரண்டு முறை இருமிவிட்டுத் தண்ணீர் விட்டது. டிரஸ்ஸிங் ரூம் கதவு திறந்து எட்டிப் பார்த்த பையன்கள், சுண்ணாம்பு படிந்த அக்காக்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மைதானத்துக்கு ஓடினார்கள். எவனுக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

எல்லோரும் இடைவேளைக்குள் போய்வர முடியாது. அதற்கும் கம்பெனிப் பழக்கமே கைகொடுத்தது. அங்கே ஒருத்தி எழுந்து போனால் அவள் பங்கைப் பக்கத்தில் இருப்பவள் சேர்த்துத் தைப்பாள். இங்கே போகிறவள் தன் லாஸ்டைப் பக்கத்தில் இருப்பவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் இரண்டு ஜோடியையும் சேர்த்து அடித்தாள். தாளம் குறையவே இல்லை.

அணி அப்போது ஒரு கோல் பின்தங்கியிருந்தது. இடது ஓரத்தில் வசந்த் பந்தை வாங்கி, இரண்டு பேரை ஏமாற்றி உள்ளே வெட்டி, கீப்பரின் கைக்குக் கீழே உருட்டிவிட்டான். சம்பூர்ணம் அதைப் பார்த்தார். தன் கண்ணால், முழுதாக, பந்து வலையில் மோதி வலை உப்புவது வரை. கையில் இரண்டு ஜோடி லாஸ்டோடு அவர் குதித்த குதியில், முன்னால் இருந்தவன் தலையில் ஒன்று பட்டது. அவன் வலியில் திரும்பி அவரையே கட்டிக்கொண்டான்.

இரண்டாவது ஜோடி கிறிஸ்டினாவுடையது. அவர் படியில் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"கோலா? நான் உள்ள இருக்கும்போதா? யக்கா, நான் ஒரு கோலைப் பாக்கறதுக்குள்ள ரிட்டயர் ஆயிடுவேன் போல கீது."

ஆகவில்லை. இன்னொரு கோலும் போட்டு அணி ஜெயித்தது, அந்தக் கோலை கிறிஸ்டினாவும் பார்த்தார். கடைசி விசில்வரை ஒருத்தியும் மைதானத்தை விட்டுப் போகவில்லை. சம்பூர்ணம் கொடுத்த வாக்கு நின்றது.

வெளியே வரும்போது வாசலில் வேதாசலம் முகமெல்லாம் சிரிப்பாக நின்றிருந்தார்.

"அம்மா, உங்க கால் ராசிதாம்மா. இனிமே ஒவ்வொரு மேட்சுக்கும் நீங்க அந்த வாசல்ல நடக்கணும்."

"சார், கோல் போட்டது பதினோராம் நம்பர் பையனோட காலு. எங்க காலு பாத்ரூமுக்குத்தான் போச்சு. நாளைக்கு அவன் தோத்தாலும் போவும்."

நயீம் அதை அப்படியே வாட்ஸப்பில் போட்டான். அடுத்த ஆட்டத்துக்கு ஆம்பூரிலிருந்து இரண்டு வேன் வந்தது. நயீமின் அம்மாவும் வந்திருந்தார். அன்று அணி தோற்றது. கதவு திறந்தேதான் இருந்தது.

உங்கள் ஊரிலும் ஒரு மைதானம் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை போய், பெண்கள் கழிப்பறை என்று எழுதியிருக்கிற கதவைத் தள்ளிப் பாருங்கள். பூட்டியிருந்தால் உங்கள் இருக்கைக்குத் திரும்பாதீர்கள். சாவி யாரிடம் என்று கேளுங்கள். ஆண்களே, இதை நீங்கள் கேளுங்கள். கதவு திறந்து குழாயில் தண்ணீர் வருகிறவரை அங்கேயே நில்லுங்கள்.